நெய்யரியும் சாக்கடை நீரும்: பாலிமர் சவ்வுகளின் வரலாறு

(நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.)

நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரின் இயல்பு எட்டு உவமைகளால் விளக்கப்படுகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கருக்கு உரியவை. நெய்யரி என்பது பன்னாடை. நல்ல நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் நிறுத்திக்கொள்வதால் பவணந்தியார் அதைக் கடைசி வரிசையில் வைத்தார்.

நகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறியாளர் தேடுவது இந்தக் கடைமாணாக்கரைத்தான். கசடு முழுவதும் வடிகட்டியில் நிற்க வேண்டும். நீர் மட்டும் கீழே இறங்க வேண்டும். ஆனால் நிறுத்திக்கொண்ட கசடு எங்கே போகும்? அது வடிகட்டியின் மீதே படிகிறது, துளைகளுக்குள் புகுகிறது, சில மணி நேரத்தில் வழியையே அடைத்துவிடுகிறது. கழிவுநீருக்கான பாலிமர் சவ்வுகளின் வரலாறு பெருமளவுக்கு இந்தக் கசடோடு நடந்த போராட்டத்தின் வரலாறு.

கழிவுநீரைக் குடிநீராக்கும் புதிய சவ்வு ஒன்று உருவாக்கப்பட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. அத்தகைய செய்திகளை எந்தக் கேள்விகளோடு வாசிக்க வேண்டும் என்பதற்கு வரலாறு உதவும். அறிவியல் கலைச்சொற்களின் வரலாற்றை ஆய்வுப்பொருளாகக் கொண்டிருப்பதால், சொற்களின் வழியாகவே இதைச் சொல்ல முயல்கிறேன்.

1. துளையின் அளவு

தொடக்கத்தில் சவ்வு என்றால் விலங்கின் சவ்வுதான். 1748இல் பிரெஞ்சு அறிஞர் நொல்லே, சாராயம் நிரப்பிய குப்பியின் வாயை விலங்கின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி நீருக்குள் வைத்தார். சில மணி நேரத்தில் பை வெளிப்புறமாக உப்பியது. ஊசியால் குத்தியதும் உள்ளிருந்த திரவம் பீறிட்டது. நீர் உள்ளே நுழைந்திருந்தது. சாராயம் அந்த அளவுக்கு வெளியேறவில்லை. பள்ளிப் பாடநூல்களில் நாம் சவ்வூடுபரவல் என்று படிக்கும் நிகழ்வின் முதல் பதிவு இதுவே.

1861இல் தாமஸ் கிரஹாம், தாவரத் தாளைச் சவ்வாகப் பயன்படுத்தி, எளிதில் ஊடுருவுபவை, ஊடுருவாதவை என்று கரைபொருள்களைப் பிரித்தார். இன்று மருத்துவமனையில் நாம் சொல்லும் ‘டயாலிசிஸ்’, வேதியியல் வகுப்பில் சொல்லும் ‘கூழ்மம்’ ஆகிய இரண்டு கருத்துகளுக்கும் பெயரிட்டவர் அவரே.

விலங்கின் சவ்வைத் துளையின் அளவு அறிந்து தயாரிக்க முடியாது. கிடைத்ததைத்தான் பயன்படுத்த வேண்டும். இந்தத் தடையை நீக்கியது கொலோடியன். நைட்ரோசெல்லுலோஸை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துக் கிடைக்கும் பசை அது. காயத்தின் மீது பூசவும் ஒளிப்படத் தகடு செய்யவும் பயன்பட்ட அதே பொருளை 1855இலேயே அடால்ஃப் ஃபிக் சவ்வாக்கிச் சோதித்தார். மனிதர் செய்த முதல் பாலிமர் சவ்வுகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

1907இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பெக்ஹோல்ட் அதை ஒரு துறையாக வளர்த்தார். கரைசலின் செறிவை மாற்றினால் துளையின் அளவு மாறும் என்பதை அவர் முறைப்படி நிறுவினார். சவ்வை நனைத்து, அடியிலிருந்து காற்றை அழுத்தி, எந்த அழுத்தத்தில் முதல் குமிழி தோன்றுகிறது என்று பார்த்துத் துளையை அளந்தார். குமிழியைக் கொண்டு சவ்வைச் சோதிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. ‘அல்ட்ராஃபில்ட்ரேஷன்’ என்ற சொல்லும் அவர் தந்ததே.

பின்னர்க் கோட்டிங்கனில் சிக்மோண்டியும் பாக்மனும் 1918 அளவில் இந்தச் சவ்வுகளைத் தொழில்முறையில் தயாரிக்கும் வழியைக் கண்டனர். சிக்மோண்டி 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர். எனினும் அந்தச் சவ்வுகள் நீண்ட காலம் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நகரங்களின் குடிநீர் அமைப்புகள் குண்டுவீச்சில் சிதைந்தபோது, நீரில் கிருமி உள்ளதா என்று விரைவாக அறிய இந்தச் சவ்வுகளே கைகொடுத்தன. நீரை வடிகட்டி, சவ்வின் மீது தங்கிய பாக்டீரியாவை வளர்த்து எண்ணினர்.

கழிவுநீரோடு சவ்வுக்கு ஏற்பட்ட முதல் பெரிய உறவு இத்தகையது. அது நீரைத் தூய்மையாக்கவில்லை. நீர் தூய்மையாக இல்லை என்று சொல்லியது. ஊர் முழுவதற்கும் நீரை வடிகட்டும் வேகம் அதற்கு இல்லை.

2. தோலின் தடிமன்

வேகம் வந்தது 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆய்வில் இருவர் ஈடுபட்டிருந்தனர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் சீனிவாச சௌரிராஜன், இந்தியாவில் பிறந்தவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய இவரை உலகெங்கும் உள்ள சவ்வுப் பொறியாளர்கள் அறிவார்கள். நம்மில் பலர் அறியோம்.

செல்லுலோஸ் அசிடேட் சவ்வு உப்பைத் தடுக்கும் என்பது ஃபுளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் செய்த ஆய்வால் முன்னரே தெரிந்திருந்தது. சிக்கல் என்னவெனில், அதன் வழியே நீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது. லோபும் சௌரிராஜனும் கடையில் கிடைத்த சவ்வை நீரில் சூடாக்கித் துளைகளைச் சுருக்கிப் பார்த்தனர். அப்போது விந்தையான ஒன்றைக் கவனித்தனர். சவ்வின் ஒரு பக்கத்தை உப்புநீரை நோக்கி வைத்தால் உப்பு தடைப்பட்டது. திருப்பி வைத்தால் தடைப்படவில்லை. அப்படியானால் சவ்வின் இரு பக்கங்களும் ஒன்றல்ல.

இந்தக் கவனிப்பிலிருந்து அவர்கள் புதிய சவ்வைத் தாமே வார்த்தனர். பாலிமர் கரைசலைத் தகட்டில் மெல்லப் பரப்பி, சிறிது நேரம் காற்றில் உலரவிட்டு, பனிநீரில் அமிழ்த்தினர். கரைப்பான் வெளியேற, நீர் உள்ளே புக, பாலிமர் உறைகிறது. மேற்பரப்பு முதலில் உறைவதால் அங்கே நெருக்கமான மெல்லிய தோல் உருவாகிறது. அதன் கீழே கடற்பஞ்சு போன்ற தடித்த தாங்கல் அமைகிறது. தடுக்கும் வேலையைச் செய்வது ஒரு மைக்ரானிலும் மெல்லிய அந்தத் தோல் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முந்தைய சவ்வுகளைவிட ஏறக்குறைய பத்து மடங்கு நீர் இதன் வழியே வந்தது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு உவர்நீரிலிருந்து குடிநீர் தரும் நிலையம் இந்தச் சவ்வோடு இயங்கத் தொடங்கியது. இன்று கழிவுநீர் நிலையங்களில் பயன்படும் பாலிமர் சவ்வுகளிலும் மிகப்பல, கரைசலை வார்த்து நீரில் உறைய வைக்கும் இதே வழியில் பிறப்பவை.

அடுத்த பெரும் மாற்றம் ஜான் கடாட் என்ற வேதியியலாளருடையது. தோலையும் தாங்கலையும் ஒரே பொருளில் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவருடைய வழி. பாலிசல்ஃபோன் தாங்கலின் மீது, நீரில் கரைந்த ஒரு வேதிப்பொருளையும் எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைந்த மற்றொன்றையும் சந்திக்க வைத்தார். இரண்டும் தொடும் எல்லையில் பாலிஅமைடு தோல் நொடிகளில் உருவாகிறது. 1970களின் பிற்பகுதியில் வந்த இந்தச் சவ்வே இன்று வீட்டுச் சமையலறையின் ‘ஆர்.ஓ.’ கருவி வரை பரவியிருக்கிறது.

இதற்கும் ஒரு குறை உண்டு. பாலிஅமைடு குளோரினைத் தாங்காது. கழிவுநீரிலோ கிருமிகள் சவ்வின் மீது குடியேறாமல் தடுக்கக் குளோரின் வேண்டும். இந்த முரண்பாட்டுக்கு முழுத் தீர்வு இன்னும் இல்லை. பல நிலையங்கள் வீரியம் குறைந்த குளோரமைனைக் கொண்டு சமாளிக்கின்றன.

3. சாக்கடைக்குள் இறங்கிய சவ்வு

உப்புநீரும் கழிவுநீரும் ஒன்றல்ல. உப்புநீரில் கரைந்திருப்பது பெரும்பாலும் உப்பு. நகரத்தின் கழிவுநீரில் எண்ணெய், சோப்பு, முடி, புரதம், மாவுப்பொருள், உயிருள்ள கிருமிகள் எல்லாம் உண்டு. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு வட்டத்தில் 1970களின் நடுவில் தொடங்கிய ‘வாட்டர் ஃபேக்டரி 21’ சுத்திகரித்த கழிவுநீரை மேலும் தூய்மையாக்கி நிலத்தடிக்குச் செலுத்தியது. அங்கே எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வைக் காப்பாற்றச் சுண்ணாம்பு இட்டுத் தெளியவைத்தல், வடிகட்டல் என ஒரு பெரிய வரிசையே முன்னால் தேவைப்பட்டது. 2008இல் அதன் இடத்துக்கு வந்த புதிய நிலையத்தில், அந்தக் காவல் வேலையை நுண்துளை கொண்ட இன்னொரு பாலிமர் சவ்வு ஏற்றது. ஒரு சவ்வைக் காக்க மற்றொரு சவ்வு. சிங்கப்பூரின் ‘நியூவாட்டர்’ நிலையங்கள் 2003 முதல் பின்பற்றுவதும் இதே அமைப்பைத்தான்.

இன்னொரு பாதை, சவ்வை நேராகச் சாக்கடைத் தொட்டிக்குள் கொண்டு சென்றது. கழிவுநீரில் காற்றூதிக் கிருமிகளை வளர்த்து, அவை அழுக்கைத் தின்றபின் சேற்றைத் தெளியவைத்து நீரைப் பிரிப்பது நூறாண்டுப் பழைய முறை. தெளியும் தொட்டிக்குப் பதிலாகச் சவ்வைப் பயன்படுத்தலாம் என்று 1960களின் இறுதியில் அமெரிக்காவின் டார்–ஆலிவர் நிறுவனம் முயன்றது. கருத்து சரியானது, செலவு கட்டுப்படியாகவில்லை. சவ்வு தொட்டிக்கு வெளியே இருந்தது. அடைப்பைத் தவிர்க்கச் சேற்றுநீரை அதன் மீது வேகமாகப் பாய்ச்ச வேண்டியிருந்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த ஓட்டத்துக்கே செலவாயிற்று.

1989இல் தோக்கியோவில் கசுவோ யமமோதோவும் அவருடைய குழுவினரும் வேறொன்றைச் செய்தனர். வைக்கோல் போல் உள்ளே குழலாக இருக்கும் பாலிமர் இழைகளைக் கட்டுக்கட்டாக நேரே தொட்டிக்குள் தொங்கவிட்டனர். வெளியிலிருந்து அழுத்துவதற்குப் பதிலாக உள்ளிருந்து மெல்ல உறிஞ்சினர். அதையும் இடைவிடாது செய்யாமல், சிறிது உறிஞ்சுவது, சிறிது நிறுத்துவது என மாற்றி மாற்றிச் செய்தனர். கிருமிகளுக்காக எப்படியும் ஊதப்படும் காற்றின் குமிழிகள் இழைகளை அசைத்துக் கழுவின. கனடாவிலும் ஜப்பானிலும் இருந்த நிறுவனங்கள் 1990களில் இந்த வகை அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1998இல் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான போர்லாக்கில் தட்டைச் சவ்வுகளோடு ஒரு நகராட்சிக் கழிவுநீர் நிலையம் இயங்கத் தொடங்கியது.

இந்த முன்னேற்றத்தில் புதிய பாலிமர் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சவ்வை வைக்கும் இடம் மாறியது. அதனிடம் எவ்வளவு வேலை வாங்குவது என்ற எதிர்பார்ப்பு குறைந்தது. 1995இல் ஃபீல்டும் அவருடைய குழுவினரும் இந்தப் பொறுமைக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தனர். ஒவ்வொரு சவ்வுக்கும் ஒரு வரம்பு வேகம் உண்டு. அதற்குக் கீழே இயக்கினால் அடைப்பு மிக மெதுவாகவே வளரும். மீறினால் விரைந்து அடைபடும். இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது, மாட்டின் இழுவைத் திறன் அறிந்து வண்டியில் பாரம் ஏற்றுபவரின் நினைவே எனக்கு வருகிறது.

4. அடைப்பு என்னும் ஒரே சொல்

இந்தச் சிக்கலுக்குப் பொதுவான ஒரு சொல் வழங்குகிறது. நாம் அடைப்பு என்கிறோம். ஒரே சொல்லாக இருப்பதால் ஒரே நோய் என்ற எண்ணம் தோன்றுகிறது. 1982இல் ஹெர்மியா என்பவர் இதை நான்கு விதியாகப் பகுத்தார். துகள் துளையின் வாயை முழுதாக மூடலாம், ஓரளவு மூடலாம், துளைக்குள் புகுந்து சுவரில் படிந்து வழியைக் குறுக்கலாம், மேலே அடை போலத் திரளலாம். இவற்றோடு உப்பு படிகமாவதும், கிருமிகள் பசைபோல் பரவி வாழ்வதும் சேர்கின்றன. மருந்தும் நோய்க்கேற்ப மாறும். அடையைக் குமிழியால் உதிர்க்கலாம். துளைச் சுவரில் ஒட்டிய புரதத்துக்கு வேதிக்கழுவல் வேண்டும். உப்புப் படிவுக்கு அமிலம் வேண்டும்.

சவ்வை மேம்படுத்தும் இன்றைய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த ஒட்டுதலைக் குறிவைக்கிறது. கழிவுநீர்ச் சவ்வுகளில் மிகுதியாகப் பயன்படும் பாலிவினைலிடீன் ஃபுளோரைடு வலிமையானது, குளோரினைத் தாங்குவது, ஆனால் நீரை விரும்பாதது. நீரை விரும்பாத பரப்பில் எண்ணெயும் புரதமும் எளிதில் ஒட்டும். எனவே நீரை ஈர்க்கும் பாலிமர்களைக் கரைசலில் கலக்கிறார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகள்களைச் சேர்க்கிறார்கள். நேர்மின்னும் எதிர்மின்னும் ஒருங்கே கொண்ட மூலக்கூறுகளை மேற்பரப்பில் நடுகிறார்கள். பரப்பின் மீது நீர் ஒரு மெல்லிய போர்வையாக நின்றால், அழுக்கு நெருங்க இடம் இராது என்பதே இவற்றின் பொதுத் தத்துவம்.

இங்கே முதல் கேள்வி எழுகிறது. இந்தச் சோதனைகளில் பல, மாட்டின் குருதியிலிருந்து எடுத்த ஒரே வகைப் புரதத்தைத் தூயநீரில் கரைத்துச் சில மணி நேரம் ஓட்டிப் பார்ப்பவை. நகராட்சிச் சவ்வோ பல ஆண்டுகள் உழைக்க வேண்டும்; அதற்குள் எண்ணற்ற முறை குளோரினில் கழுவப்பட வேண்டும். கலந்து சேர்த்த நீர்விரும்பிப் பொருள் அந்தக் கழுவல்களில் கரைந்து போனால் பயன் என்ன? ‘புதிய சவ்வு’ என்ற செய்தியைக் காணும்போது, எத்தனை மடங்கு வேகம் என்பதற்கு முன்பாக, எந்த நீரில், எத்தனை நாள், எத்தனை கழுவலுக்குப் பின் என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி, சவ்வு எதனால் செய்யப்படுகிறது என்பது. வார்ப்பில் பயன்படும் கரைப்பான்கள் சில, தொழிலாளரின் உடல்நலத்துக்குத் தீங்கானவை. அவற்றுள் ஒன்றான என்–மெத்தில் பைரோலிடோனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கட்டுப்பாடு விதித்தது. நீரைத் தூய்மையாக்கும் பொருளைச் செய்யும் இடத்தில் வெளியேறும் நீர் எப்படி இருக்கிறது என்பதும் இந்த வரலாற்றின் பகுதியே. தீங்கு குறைந்த கரைப்பான்களைத் தேடும் ஆய்வுகள் பெருகியிருப்பது நல்ல அறிகுறி.

5. இந்தியாவில் யாருக்கு எந்த நீர்?

குஜராத்தின் பவநகரில் 1954இல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், செல்லுலோஸ் அசிடேட் சவ்விலும் பின்னர்ப் பாலிஅமைடு சவ்விலும் உள்நாட்டுத் திறனை வளர்த்தது. அறிவு இங்கே இல்லாமல் இல்லை.

நாட்டின் நிலையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020–21 மதிப்பீடு காட்டுகிறது. நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர். நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 3,184.1 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023.6 கோடி லிட்டர். அதாவது 28 விழுக்காடு. எஞ்சியது எந்தச் சவ்வையும் காணாமல் ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது.

இந்தச் சூழலில் சவ்வு எங்கே நிறுவப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சென்னையில் 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள எதிர்ச் சவ்வூடுபரவல் நிலையங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. சுத்திகரித்த கழிவுநீர் அங்கே மேலும் தூய்மையாக்கப்பட்டுத் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. அந்த அளவு நன்னீர் நகர மக்களுக்கு மிஞ்சும் என்பது இதன் நியாயம். மறுக்க முடியாத நியாயம். மறுபுறம், பெங்களூருவின் கழிவுநீர் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. வறண்ட ஏரிகள் நிரம்பின. நிலத்தடி நீர் உயர்ந்தது. ஆனால் அந்த ஏரிநீர் கிணற்றுக்கும் வயலுக்கும் இறங்குவதால், மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று விவசாயிகள் தரப்பிலிருந்து கோரிக்கை எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொதிகலனுக்குச் செல்லும் நீர் சவ்வின் வழியே செல்கிறது. நிலத்தடிக்கு இறங்கும் நீர் சவ்வைக் காணவில்லை. கொதிகலனில் உப்பு படியும். அதனால் அதற்குத் தூய நீர் வேண்டும் என்பது பொறியியல் விடை. அந்த விடை சரியானது. ஆயினும் தூய்மையின் தரத்தைத் தீர்மானிப்பது எது, விலை கொடுக்கும் ஆற்றலா, குடிக்கும் வாயா என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடுவதில்லை. எல்லா ஏரிகளுக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அதன் மின்செலவும், பிரிந்து நிற்கும் அடர்ந்த உப்புநீரை எங்கே விடுவது என்பதும் சிறிய சிக்கல்கள் அல்ல. ஆனால் அழுத்தம் குறைவாகத் தேவைப்படும் நுண்துளைச் சவ்வுகள் கிருமிகளைத் தடுக்கும். அவை இங்கேயே, மலிவாக, நம் சாக்கடையின் இயல்புக்கேற்பச் செய்யப்பட்டால் இந்த இடைவெளி குறையும். சவ்வை மேம்படுத்தும் ஆய்வின் உண்மையான பயன் அங்கேதான் அளக்கப்பட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. கழிவுநீர் நிலையத்துக்கு வந்து சேரும் வரை குழாய்களில் ஓடுகிறது. அந்தக் குழாய்களிலும் அடைப்பு ஏற்படுகிறது. 2013இல் சட்டம் இயற்றிய பிறகும், அந்த அடைப்பை நீக்க மனிதர் இறங்கி உயிரிழக்கும் செய்திகள் நிற்கவில்லை. சவ்வின் துளையில் ஏற்படும் அடைப்புக்கு நான்கு விதி வகுத்த அறிவு, தெருவின் ஆள்நுழைவுக் குழியில் ஏற்படும் அடைப்பை இன்னும் சிலரது பிறப்போடு பிணைத்து வைத்திருக்கிறது. ஒரே சொல்லின் இந்த இரு பொருள்களையும் ஒரே சிக்கலாகக் கருதும் நிலையத் திட்டங்களே நமக்கு வேண்டும். கழிவுநீர் நிலையத்துக்கு ஒதுக்கும் நிதியில், குழாயை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் கருவிக்கான தொகையும் முதலிலேயே சேர வேண்டும்.

வாசிக்கும் நண்பர்களில் சுத்திகரிப்பு நிலையங்களில் பணிபுரிவோர் இருந்தால் ஒரு வேண்டுகோள். சவ்வு அடைபடுவதையும், அதைக் கழுவுவதையும், மீண்டும் ஓடவிடுவதையும் உங்கள் நிலையத்தில் என்ன சொற்களால் குறிக்கிறீர்கள்? தமிழ், கன்னடம், குஜராத்தி, இந்தி எதுவாயினும் எழுதுங்கள். அகராதியில் இல்லாத அந்தச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். எந்த அடைப்பு எதனால் வருகிறது என்று நாள்தோறும் பிரித்தறிபவர்கள் நீங்கள். அந்தப் பகுப்பு உங்கள் சொற்களில் ஏற்கெனவே இருக்கக்கூடும்.